நான்கு நாளில் புழு வளராது: பச்சை நன்னீர் மீனும் பூச்சி மாத்திரையும்

தம்பி கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், ஒரு மாத்திரையைப் பற்றிய கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டிலிருந்து சிம்மோர் போகும் வழியில் உள்ள பழைய ஈயச்சுரங்கக் குட்டையில் நண்பர்களோடு தூண்டில் போட்டதாகவும், அகப்பட்ட லம்பாம் மீனை, சரவாக்கிலிருந்து வந்து உங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பர் தம் ஊரின் உமாய் என்ற பச்சை மீன் உணவைப் போல மெல்லியதாக அரிந்து, எலுமிச்சைச் சாறும் சின்ன வெங்காயமும் மிளகாயும் கலந்து கொடுத்ததாகவும், நான்கு நாளாக வயிறு இரைந்து மலம் இளகிப் போவதாகவும், இன்று காலை அதில் வெள்ளை நூல் போல ஒன்றைக் கண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருந்துக்கடையில் ஒரு பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கினால் போதுமா, பாட்டி சொல்வதுபோல வேப்பங்கொழுந்தும் விளக்கெண்ணெயும் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறங்கவிடாமல் வைத்திருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: அந்த ஒரு வேளைச் சாப்பாடு உடம்புக்குள் நெடுநாள் குடியிருக்கும் எதையாவது இறக்கிவிட்டதா, இறக்கியிருந்தால் அதை எப்போது, எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்லன். 1976-இல் இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் மருத்துவமனையில் டிரஸருக்கு, அதாவது மருத்துவ உதவியாளருக்கு, எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்று, ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களின் மலத்தையும் இரத்தத்தையும் சளியையும் நுண்ணோக்கியில் பார்த்தே சம்பளம் வாங்கியவன். தொடக்க காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் பகலில் ஓடாது. நுண்ணோக்கியின் அடியில் இருக்கும் சிறு கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பி, பால்மரங்களுக்கு இடையே வரும் வெயிலைப் பிடித்துத்தான் பார்ப்போம்; மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, மாதிரிகள் தீப்பெட்டியில் வரும். தீப்பெட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பத்து மணிக்குள் பார்க்காவிட்டால் உள்ளே இருப்பது காய்ந்துபோகும். ஒரு துளி உப்புநீரில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பினால், சாட்டைப்புழுவின் முட்டை இரு முனையிலும் அடைப்பு வைத்த குட்டி மத்தளம் போலத் தெரியும். உருளைப்புழுவின் முட்டை, அதாவது தோட்டத்தில் நாக்குப்பூச்சி என்று சொல்வதன் முட்டை, பித்தத்தின் நிறமேறி, மேலெல்லாம் முண்டு முண்டாக இருக்கும். கொக்கிப்புழுவின் முட்டைக்கு ஓடு மெலிது; உள்ளே நான்கோ எட்டோ உயிரணுக்கள் பிரிந்து நிற்கும். இவற்றைப் பார்த்துப் பழகிய பிறகும் ஒரு முறை பூந்தாது ஒன்றை உருளைப்புழு முட்டை என்று எழுதிக் கொடுத்து, ஒரு சிறுவனுக்குத் தேவையில்லாமல் இரண்டாம் முறை மருந்து கொடுக்கவைத்தேன். கண்ணால் கண்டதை உடனே நம்பிவிடக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டதால்தான் உங்கள் வெள்ளை நூலைப் பற்றியும் கொஞ்சம் நிதானமாகப் பேசப்போகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: நம் தோட்டப்புறத்தில் பூச்சி என்றால் அது மண்ணிலிருந்து வந்தது, மீனிலிருந்து வந்ததன்று. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் மலம் கலந்த மண்ணிலிருந்து கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வாய்க்குப் போகும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். அந்தக் காலத்தில் விடியுமுன் செருப்பில்லாமல் பால்வெட்டுக்குப் போனவர்களுக்கும், லயத்துக்குப் பின்னால் புதரோரம் ஒதுங்கியவர்களுக்கும் அதிலிருந்து தப்ப வழியில்லை. ஒரு கொக்கிப்புழு நாளொன்றுக்குக் குடிக்கும் இரத்தம், வகையைப் பொறுத்து, 0.03 மில்லிலிட்டரிலிருந்து 0.2 மில்லிலிட்டர் வரைதான். ஆனால் நூறு புழு, ஆண்டுக்கணக்கில், அதுவும் பிள்ளை பெற்ற உடம்பில் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் காகிதம்போல் வெளுத்திருக்கும் பெண்கள் வரிசையாக வந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். உருளைப்புழுவோ பெண்ணொன்று நாளுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டை இடும். குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் காலணியும் வந்த பிறகு இவை நம் மக்களிடம் பெரிதும் குறைந்துவிட்டன. காட்டோரத்து ஒராங் அஸ்லி பழங்குடிக் குழந்தைகளிடம் இன்னும் குறையவில்லை என்பது வேதனையான செய்தி. மருந்துக்கடையில் எழுதிக்கொடுக்கும் சீட்டில்லாமல் கிடைக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை இந்த மண்ணின் புழுக்களை மனத்தில் வைத்துக் கொடுக்கப்படுவது. உருளைப்புழுவை ஒரே வேளையில் தீர்த்துவிடும். கொக்கிப்புழுவுக்கும் பெரும்பாலும் போதும். சாட்டைப்புழுவிடம் மட்டும் அது பலமுறை தோற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நன்னீர் மீன் வழியாக வருவது வேறு கூட்டம், வேறு பாதை. அவற்றில் முதன்மையானது கல்லீரல் தட்டைப்புழு. மலத்தோடு தண்ணீரில் விழும் அதன் முட்டையைக் குறிப்பிட்ட ஒரு வகைச் சிறு நத்தை தின்ன வேண்டும்; நத்தைக்குள் பெருகி வெளியே நீந்தி வருபவை மீனின் சதைக்குள் புகுந்து கண்ணுக்குத் தெரியாத சிறு கூடு கட்டிக்கொள்ள வேண்டும்; அந்த மீனை மனிதரோ பூனையோ நாயோ வேகாமல் தின்ன வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் புழு இல்லை. சுங்கை சிப்புட் என்ற நம் ஊரின் பெயருக்கே நத்தை ஆறு என்றுதான் பொருள், ஆனால் எல்லா நத்தையும் இதற்கு உதவாது; அந்த நத்தையே இருந்தாலும் புழுவுள்ள மனிதக் கழிவு தண்ணீரில் சேர வேண்டும். உள்ளே போன குஞ்சு பித்த நாளத்தில் ஏறிக் குடியேறி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். சீனா, கொரியா, வட வியட்நாம் பக்கம் காணப்படும் குளோனோர்க்கிஸ் என்ற வகை இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக் கூடியது. அதை முதன்முதலில் கண்டறிந்தது, 1874-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்துபோன ஓர் இளம் சீனத் தச்சரின் உடலை அறுத்துப் பார்த்த ஜேம்ஸ் மெக்கானல் என்ற மருத்துவர். ஊரை விட்டுக் கப்பலேறிய தொழிலாளியோடு அவர் ஊர்ப் புழுவும் கப்பலேறியது என்று எண்ணும்போது, அதே வழியாக வந்த பரம்பரையைச் சேர்ந்த எனக்கு மனத்தில் ஏதோ தைக்கும். வடகிழக்குத் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தென் வியட்நாம் ஆகிய மேக்கோங் ஆற்றுப் பகுதிகளில் இருப்பது ஒப்பிஸ்தோர்க்கிஸ் விவெரினி. அங்கே பச்சை மீனைக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் கலந்து உண்ணும் கோய் பிளா என்ற உணவுதான் அது பரவும் முக்கிய வழி. பித்த நாளப் புற்றுநோய் உலகிலேயே மிகுதியாக உள்ள பகுதியும் அதுவே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதற்பிரிவில் ஒப்பிஸ்தோர்க்கிஸை 1994-இலும் குளோனோர்க்கிஸை 2009-இலும் சேர்த்தது.

இதைப் படித்ததும் நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும், ஆகவே இரண்டு செய்திகளைக் கூடவே சொல்லிவிட வேண்டும். அந்தப் புற்றுநோய், புழுவை உடம்பில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் புதிதாக ஏற்றிக்கொண்டு, இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் வருவது. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வருவதன்று. அடுத்து, இந்தத் தட்டைப்புழு ஊன்றி நிற்கும் நாடுகளின் வரிசையில் மலேசியாவைச் சேர்ப்பதில்லை. என் நுண்ணோக்கியில் அந்த முட்டையைப் போன்ற ஒன்றைப் பார்த்த சில தடவைகளும் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் மாதிரியில்தான். அப்போதும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஏனெனில் ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள அந்த முட்டையும், குடலில் மட்டும் தங்கிப்போகும் வேறு சில சிறு தட்டைப்புழுக்களின் முட்டையும் அண்ணன் தம்பி போல இருக்கும். "தட்டைப்புழு முட்டை, வகை சொல்ல இயலவில்லை" என்றே எழுதிக் கொடுத்தேன். உங்கள் லம்பாம் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும், தட்டைப்புழு பெரிதும் புகுவது அந்தக் குடும்பத்து மீன்களிலேயே என்பதும் உண்மை; ஆகவே ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைவு என்று சொல்லலாம்.

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை உண்ட மீனிலிருந்து ஒரு புழு வந்திருந்தாலும் வியாழக்கிழமைக்குள் அது கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்து மலத்தில் வந்து விழாது. தட்டைப்புழு முட்டையிடத் தொடங்கவே மூன்று நான்கு வாரம் ஆகும். மீன் நாடாப்புழு, பல மீட்டர் நீளம் வளர்ந்து சிலருக்கு வைட்டமின் பி12 குறைவை உண்டாக்குவது, குளிர்நாட்டு ஏரிகளுக்கும் கடலேறி வரும் மீன்களுக்கும் உரியது. அதற்கும் ஐந்தாறு வாரம் வேண்டும். ஆகவே நீங்கள் கண்ட நூல் எதுவாக இருந்தாலும் அந்த லம்பாமின் பிள்ளை அன்று. பேதியாகும்போது குடலின் சளி இழை இழையாக வரும், அதுவாக இருக்கலாம். தவுகே என்ற முளைப்பயற்றின் வேரோ மீஹூன் என்ற அரிசிச் சேமியாவோ செரிக்காமல் வந்திருக்கலாம். ஓர் அம்மா ஊறுகாய்ப் போத்தலில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்த 'புழுவை' ஊசியால் பிரித்துப் பார்த்தபோது, அது வாழைப்பழத்தின் நார். அவர் நம்பவில்லை, தம் கண்முன்னே அது நெளிந்தது என்றார். போத்தலை ஆட்டினால் எதுவும் நெளியும். ஆனால் நீங்கள் கண்டது ஒரு சென்டிமீட்டர் அளவில், ஒரு முனை ஊசிபோல் கூராக, தானாக அசைந்திருந்தால், அது நூல்புழு. இரவில் ஆசனவாயில் அரிப்பும் இருந்தால் ஏறத்தாழ அதுவேதான். அது வீட்டில் சிறுபிள்ளைகள் வழியாகக் கையிலும் படுக்கை விரிப்பிலும் பரவி முன்பே வந்திருக்கும்; மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும்.

அப்படியானால் இந்த நான்கு நாளாக வயிற்றைக் கலக்குவது எது? பெரும்பாலும் கிருமி, புழு அன்று. குட்டைத் தண்ணீர், வெயிலில் கிடந்த மீன், கழுவாத கத்தி, பலகை ஆகியவையே அதற்குப் போதும். பச்சை நன்னீர் மீனைப் பொறுத்தவரை நம் பகுதியில் அண்மையில் உண்மையாகவே மனிதரைப் படுக்கவைத்தது புழுவன்று என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2015-இல் சிங்கப்பூரில், கஞ்சியோடு பச்சையாகப் பரிமாறப்பட்ட சோங், தோமான் என்ற நன்னீர் மீன்களை உண்டவர்கள் பலருக்குக் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இரத்தத்தில் கலந்தது. மூட்டிலும் மூளை உறையிலும் சீழ்பிடித்தவர்கள் உண்டு. அவர்களில் நல்ல உடல்நலத்தோடு இருந்த நடுவயதினரும் இருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் உணவுக் கடைகள் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதையே அந்நாடு தடை செய்தது. எனவே காய்ச்சல், குளிர்நடுக்கம், கழுத்து விறைப்பு, மூட்டு வீக்கம், மலத்தில் இரத்தம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் இந்தப் பதிலை மேலும் படிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். குட்டைக்குள் இறங்கி நின்று தூண்டில் போட்டிருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் அவர்கள் எலிக்காய்ச்சலையும் நினைத்துப் பார்ப்பார்கள்.

எலுமிச்சை பிழிந்ததால் மீன் வெந்துவிட்டது என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மீது எனக்குக் குறையில்லை. உமாய் என்பது மெலனாவ் மக்கள் தங்கள் கடலில் அன்றன்று பிடித்த மீனில் செய்துவரும் உணவு. கடல் மீனில் இந்த நன்னீர்த் தட்டைப்புழு கிடையாது, அதற்கென்று வேறு புழு உண்டு என்றாலும். அவர் கைப்பக்குவத்தை மாற்றவில்லை, மீனை மாற்றிவிட்டார். புளிப்பு பட்டதும் சதை வெளுத்து இறுகுவது முட்டைவெள்ளை இறுகுவது போன்ற தோற்றந்தான். நம் இரைப்பையின் அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையானது. அந்த அமிலத்தைக் கடந்து சிறுகுடல் போய்ச் சேருவதற்கென்றே கூடு கட்டிக்கொண்ட ஒரு குஞ்சு, உங்கள் தட்டில் பிழிந்த பழத்துக்கு அஞ்சாது. மிளகாய்க்கும் கள்ளுக்கும் பீருக்கும் அஞ்சாது. லெங்கோங் பக்கத்துப் பெக்காசாம் என்ற ஊறவைத்த மீன் ஆபத்தா என்று பலர் கேட்பதுண்டு: உப்பும் வறுத்த அரிசியும் போட்டு ஊறவைப்பது மட்டும் நம்பத்தக்க காப்பன்று, குறிப்பாகச் சில நாளே ஊறியதானால், ஆனால் அதை எண்ணெயில் பொரித்துத்தான் சாப்பிடுகிறார்கள், காப்பு அந்தப் பொரிப்பில் இருக்கிறது. உறையவைப்பது உதவும் என்றாலும் பூச்சியம் பாகைக்குக் கீழே 20 பாகை செல்சியஸில் ஏழு நாள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு விதி. ஐஸ் கட்டி எடுக்கப் பத்துத் தடவை கதவைத் திறக்கும் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் அந்தக் குளிர் நிலைத்து நிற்கும் என்று நான் நம்பமாட்டேன். சதையின் நடுப்பகுதி 63 பாகை சூடேறினால் போதும். மண்சட்டியில் புளி கொதித்து மீனைப் போட்டு இறக்கும் நம் வீட்டுக் குழம்பு அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது, மீன் அரிந்த பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதும், குட்டையோரம் சுடும்போது வெளியே கருகி முள்ளோரம் பச்சையாக இருப்பதும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அல்பெண்டசோல் ஒரு வேளை என்பது மண்ணின் புழுவுக்கு. தட்டைப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் உரிய மருந்து பிரசிகுவாண்டெல். எடைக்குக் கணக்கிட்டு, தட்டைப்புழு என்றால் நாளொன்றுக்கு மூன்று வேளையாகக் கொடுப்பார்கள். அதை நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. பன்றி நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருப்பது தெரியாமல் அதை எடுத்தவர்களுக்கு வலிப்பு வரலாம். ஆகையால், இன்றே பூச்சி மாத்திரை போட்டால் பெரிய கேடொன்றும் வராது என்றாலும், போட்டுவிட்டோம், முடிந்தது என்ற நிம்மதி தவறான நிம்மதியாகிவிடும். பாட்டியின் விளக்கெண்ணெயைப் பற்றி: சனிக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து அதைக் குடிக்கவைத்து, பின்னாலேயே பாலில்லாத கோப்பி-ஓ கொடுக்கும் வழக்கத்தில் வளர்ந்தவன்தான் நானும். மலச்சிக்கலுக்கு அது நல்ல பேதி மருந்து. ஏற்கெனவே நான்கு நாளாக நீர்போகும் உடம்புக்கு அதைக் கொடுக்காதீர்கள். வேப்பங்கொழுந்து தட்டைப்புழுவை வெளியேற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்றை நான் கண்டதில்லை. பாட்டியின் மனம் கோணாமல் இரண்டு கொழுந்து மென்றால் வாய் கசக்கும், அவ்வளவே.

எனக்கு ஐயம் தீராத ஒன்றும் உண்டு. அன்று லம்பாம் மட்டுமா, ஹருவானும் அகப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஹருவான், அதாவது நம் விரால், அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆற வேண்டி நம் மக்கள் சூப் வைத்துக் கொடுக்கும் மீன். வெந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். விரால், விலாங்கு, தவளை போன்றவற்றைப் பச்சையாக உண்டால் நாத்தோஸ்டோமா என்ற புழுவின் குஞ்சு ஏறக்கூடும். தாய்லாந்தில் அதை நன்றாக அறிவார்கள். அது மனிதக் குடலில் முழுப்புழுவாக வளராது. வளராமலேயே தோலுக்கடியில் ஊர்ந்து திரியும். ஒரு வாரம் தோளில் வீக்கம், அது வடிந்து பிறகு விலாவில் வீக்கம் என்று இடம் மாறும். அரிதாகக் கண்ணுக்கும் மூளைக்கும் போகும். முட்டையே இடாது என்பதால் மலத்தை நூறு முறை பார்த்தாலும் என் போன்றவனுக்குத் தெரியாது. இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் ஏறியிருப்பதைக் கொண்டும், நோயாளி சொல்லும் கதையைக் கொண்டும்தான் மருத்துவர் அதைப் பிடிக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவு. இப்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்து வயிற்றைக் கவனியுங்கள். பேதி இன்னும் இரண்டு மூன்று நாளில் நிற்காவிட்டால் ஒரு ரிங்கிட் கொடுத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். மலத்தில் புழு முட்டை பார்ப்பதற்கு அவசரப்படாதீர்கள். சாப்பிட்ட தேதியை நாட்காட்டியில் குறித்து, ஆறு வாரம் கழித்து, வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுங்கள், கூடவே ஈசினோஃபில் கணக்கும் கேளுங்கள். கிளினிக்கில் தரும் மூடியிட்ட பிளாஸ்டிக் குப்பியில், காலையில் எடுத்ததைக் காலையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சீட்டில் 'பச்சை நன்னீர் மீன் உண்டவர்' என்று எழுதும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான மாதிரி என்று எண்ணினால் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் குறைந்த பெருக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தகட்டுக்குப் போய்விடுவார். நானும் அப்படித்தான் செய்துவந்தேன், அந்தப் பெருக்கத்தில் தட்டைப்புழு முட்டை ஒரு தூசி. அதே தேதியில் உங்கள் சரவாக் நண்பரையும் அழைத்துப் போங்கள். அவர் உங்களைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டிருப்பார்.